கழுத்தில் குத்தியது கத்தி அல்ல... சொந்த முடி!

அவசர சேவிங்கால் ஜவுளிக்கடை வாலிபர் பட்ட பாடு
ஊக்கால் தோண்டியதால் ஆஸ்பத்திரியில் 5 நாள்

சென்னை தியாகராயநகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. பட்டுப்புடவை பிரிவில் ஒரு வாலிபர் வேலை பார்க்கிறார். வயது 24. நெல்லைச் சீமைக்காரர். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஜாகை.

காலை 9 மணிக்கு கடையில் நிற்க வேண்டும். முகம் "பளிச்" என்று இருக்க வேண்டும். மோவாயில் ஒரு முள் தெரிந்தாலும் சூப்பர்வைசர் வாசலிலேயே நிறுத்தி விடுவார். கல்யாணப் பட்டு வாங்க வருகிறவர்கள் முன்னால் "பரதேசி மாதிரி" நிற்கக்கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம்.

அதனால் தினமும் சேவிங். மேன்ஷனில் 12 பேருக்கு ஒரு குழாய். வெளியே வாளியோடு நாலு பேர் நின்று கொண்டு, "சீக்கிரம் வாப்பா" என்று கத்துவார்கள். பச்சைத் தண்ணீர், குளிக்கிற சோப்பு. மேலிருந்து கீழே ஒரு இழு. கீழிருந்து மேலே ஒரு இழு. இரண்டே நிமிடம். ஓடிப்போய் பஸ் பிடிக்க வேண்டியதுதான். ஒரு பிளேடை ஒரு மாதம் ஓட்டி விடுவார். பிளேடு மழுங்கினால் அழுத்திப் போடுவார்!

ஆறு மாதம் கழிந்தது. தாடைக்கு அடியில் சிவப்பாக ஒரு பொரி முளைத்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் பத்து. சட்டைக் காலர் உரசும் இடமெல்லாம் பொரி பொரியாக வந்து அரிப்பு எடுத்தது. சிலதின் உச்சியில் சீழ் வெள்ளையாகத் தெரிந்தது.

சூப்பர்வைசர் கண்ணில் பட்டது.

"என்னடா கழுத்துல? அம்மையா?"

"இல்ல சார், சேவிங் பண்ணதுல..."

"மொதல்ல அதைச் சரி பண்ணிட்டு வா. கஸ்டமர் பாத்தா பயந்துருவாங்க."

மறுநாளே குடோனுக்கு மாற்றி விட்டார்கள். அங்கே சம்பளம் உண்டு, விற்பனைக் கமிஷன் கிடையாது. ஊரில் தை மாதம் கல்யாணத்துக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். தாலிக்குப் பணம் சேர்த்துக் கொண்டிருந்தவர் தலையில் இடி விழுந்தது.

ஊக்கும் கிரீமும்

அதன்பிறகு அவர் செய்த காரியங்கள்தான் விபரீதம்.

முதல் காரியம், ஊக்கு. பக்கத்து அறைக்காரர் கழுத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "உள்ள முடி சுருண்டு கெடக்கு மாப்ள, எடுத்துரலாம்" என்று சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார். ராத்திரி தோறும் இந்த "ஆபரேஷன்" நடந்தது. சில முடி வந்தது, நிறைய ரத்தம் வந்தது. தோண்டிய இடத்தில் எல்லாம் கரும்புள்ளி விழுந்தது.

இரண்டாவது காரியம், கிரீம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சினேகிதர் ஒரு ட்யூப் கொடுத்தார். சீட்டு இல்லை, டாக்டர் இல்லை. தடவிய மூன்றாம் நாளே பொரி அமுங்கியது. முகமும் சிவப்பாக ஆனது! வாலிபருக்கு ஒரே சந்தோஷம். கழுத்துக்கு மட்டும் தடவியவர் முகம் முழுக்கத் தடவ ஆரம்பித்தார்.

இரண்டு மாதத்தில் சாயம் வெளுத்தது. கன்னத்துத் தோல் மெலிந்து, சிவப்பு நரம்பு நூல் நூலாகத் தெரிந்தது. வெயிலில் நின்றால் முகம் எரிந்தது. பயந்துபோய் கிரீமை நிறுத்தினார். நிறுத்திய ஒரு வாரத்தில் பொரிகள் முன்னைவிட இரண்டு பங்காகத் திரும்பி வந்தன.

அது ஸ்டீராய்டு கலந்த கிரீம். வீக்கத்தை அமுக்கும், காரணத்தை எடுக்காது. தடவத் தடவ தோலின் எதிர்ப்புச் சக்தியையும் தின்றுவிடும். இந்த வகை கிரீம்களை நாடு முழுக்க ஜனங்கள் இஷ்டத்துக்கு வாங்கித் தடவி முகத்தைக் கெடுத்துக் கொண்டதால், 2018-ல் மத்திய சுகாதாரத் துறை 14 வகை ஸ்டீராய்டு மேல்பூச்சு மருந்துகளை "டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது" என்ற பட்டியலில் சேர்த்தது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. ட்யூப் சினேகிதர் கையில் இருந்து சினேகிதர் கைக்குப் போகிறது.

மூன்றாவது, ஒரு நாள் ராத்திரி காய்ச்சல். தாடைக்கு அடியில் ஒரு கட்டி எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கி விட்டது. வாயைத் திறக்க முடியவில்லை. மேன்ஷன்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப்போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கட்டியைக் கீறி சீழ் எடுத்தார்கள். ஐந்து நாள் படுக்கை, ஊசி.

கட்டியைக் கீறிய டாக்டர், சாமணத்தால் ஒன்றை எடுத்து பஞ்சில் வைத்துக் காட்டினார். சுருண்டு கிடந்த ஒரு கறுப்பு முடி.

"இதுதாம்பா ஆளு. உள்ளேயே இருந்திருக்கான்."

முடி உள்ளே போவது எப்படி?

வெளியே வளர வேண்டிய முடி ஏன் உள்ளே போகிறது? இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, வெளியே வந்து வளைந்து மறுபடி குத்துவது. தாடி முடி ஒரு நாளைக்கு மில்லிமீட்டரில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வளரும். பிளேடு அதைச் சாய்வாக வெட்டுகிறது. வெட்டின முனை, சீவிய பென்சில் மாதிரி கூராக இருக்கும். சுருட்டை முடி என்றால் கொஞ்சம் வளர்ந்ததும் வில்லாக வளையும். வளைந்த முனை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி அதே தோலில் குத்தி இறங்கும்.

இரண்டாவது, வெளியே வராமலே குத்துவது. தோலை விரலால் இழுத்துப் பிடித்துக் கொண்டு, முடி வளரும் திசைக்கு எதிராகப் பிளேடை ஓட்டினால், முடி தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுப்படும். விரலை எடுத்ததும் தோல் பழையபடி மேலே வந்துவிடும். முடியோ குழிக்குள் மாட்டிக் கொள்ளும். மறுபடி வளரும்போது வாசல் தெரியாமல் பக்கச் சுவரைக் குத்துகிறது.

1971-ல் அமெரிக்காவில் இரட்டை பிளேடு ரேசர் விற்பனைக்கு வந்தது. முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கும், அது உள்ளே போவதற்குள் இரண்டாவது பிளேடு வெட்டும் என்பதுதான் அதன் பெருமையே. அந்தப் பெருமைதான் இப்படிப்பட்ட தோல்காரர்களுக்கு வினை. இன்றைக்கு மூன்று, ஐந்து பிளேடு வரை வந்துவிட்டது. விளம்பரத்தில் கன்னத்தைத் தடவிக் காட்டுகிறார்கள். கழுத்தைக் காட்டுவதில்லை!

குத்திய முடி தன் உடம்பில் முளைத்ததுதான் என்று தோலுக்குத் தெரியாது. மரச்சிராய் ஏறினால் என்ன செய்யுமோ அதையே செய்கிறது. சிவக்கும், வீங்கும், சீழ் வைக்கும். ஆறிய பின் கரும்புள்ளி. சிலர் உடல்வாகுக்கு அந்தத் தழும்பு கெட்டியாகி மேடாக வளர்ந்து விடும்.

இதைக் கிருமி வியாதி என்றே பல காலம் நினைத்திருந்தார்கள். "கிருமி அல்ல, முடிதான் காரணம்" என்பதை விளக்கி அமெரிக்க டாக்டர்கள் இரண்டு பேர் 1956-ல் கட்டுரை எழுதினார்கள். கிருமி அப்புறம்தான் வருகிறது. ஊக்கில், நகத்தில், பழைய பிளேடில் ஏறி வருகிறது.

தாடிக்காகப் போன வேலை

ஜவுளிக்கடை வாலிபர் கதை புதிதல்ல. இதே விஷயம் அமெரிக்காவில் கோர்ட் படியே ஏறியிருக்கிறது.

நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு பிட்சா கம்பெனி. வீடு வீடாகப் பிட்சா கொண்டு போய்க் கொடுக்கும் வேலைக்கு ஒரு கறுப்பர் சேர்ந்தார். கம்பெனியில் தாடி கூடாது என்று விதி. அவருக்கு சேவிங் செய்தால் முகமெல்லாம் கட்டி கட்டியாக வரும். தாடியை எடுக்க முடியாது என்றார். வேலையில் இருந்து நீக்கி விட்டார்கள்.

வழக்கு நடந்தது. ஆப்பிரிக்க வம்சத்து முடி சுருள் சுருளாக வளர்வது. கறுப்பின ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. வெள்ளையருக்கு அபூர்வம் என்று டாக்டர் சாட்சி சொன்னார். தாடிக்காரரைப் பார்த்தால் வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்று கம்பெனி வாதாடியது. கருத்துக் கணிப்பு எல்லாம் எடுத்துக் கொடுத்தது. "அது போதாது. இந்த வியாதி உள்ளவர்களுக்கு விலக்குத் தர வேண்டும்" என்று 1993-ல் மேல் கோர்ட் தீர்ப்பு அளித்தது.

பட்டாளத்திலும் இதே தகராறுதான். விஷவாயு முகமூடி முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதால் சிப்பாய்க்கு தாடி கூடாது என்கிறார்கள். ஒரு காலத்தில் டாக்டர் சீட்டு காட்டினால் சேவிங்கில் இருந்து விலக்கு கிடைத்தது. 2020-ல் அமெரிக்க விமானப்படை, ஐந்து வருடத்துக்கு ஒரே சீட்டு போதும் என்று தாராளம் காட்டியது. 2025 ஆகஸ்டில் காற்று திசை மாறியது. ஒரு வருடம் வைத்தியம் பார்த்தும் சேவிங் செய்ய முடியாதவர்களைப் படையில் இருந்து விலக்கும் நடவடிக்கையை ஆரம்பிக்கலாம் என்று அந்நாட்டு ராணுவ மந்திரியிடம் இருந்து உத்தரவு வந்தது. சின்ன முடி, துப்பாக்கி பிடித்த ஆளையே வீட்டுக்கு அனுப்புகிறது.

நம்மவர்களுக்கு அந்த அளவு சுருள் இல்லை. ஆனால் சுருட்டை முடிக்காரர்கள் நம்மில் நிறைய. அதோடு கழுத்து முடிக்கு ஒழுங்கான திசையே கிடையாது. ஒரு பக்கம் கீழ்நோக்கி, ஒரு பக்கம் பக்கவாட்டில், தொண்டைக்குழி அருகே சுழியாக வளரும். அதனால்தான் கன்னம் வழுவழுப்பாக இருக்கிறவருக்கும் கழுத்தில் மட்டும் பொரி.

சலூன்காரர் சொல்லும் கணக்கு

ராயப்பேட்டை சந்து ஒன்றில் இரண்டு நாற்காலி சலூன். சுழல் நாற்காலி, இரண்டு பக்கமும் கண்ணாடி, ஒரு டப்பாவில் படிகாரக் கட்டி. கடைக்காரருக்கு 58 வயது. பதினைந்து வயதில் கத்தி பிடித்தவர்.

"சார், ஞாயித்துக்கிழமை வந்து நல்லா இல்லைன்னு சொல்லக்கூடாது. அன்னிக்கு நாப்பது தல. செவ்வா லீவு. புதன்கிழமை காலைல வாங்க, முகத்தை ஊறவெச்சு நிதானமா போட்டுத் தரேன்" என்கிறார்.

அவர் சொல்லும் கணக்கு இது: வருகிற பத்து பேரில் எட்டுப் பேர் "எதிர் போடுங்க" என்று கேட்கிறார்கள். எதிர் என்றால் முடி வளரும் திசைக்கு எதிராக இரண்டாம் முறை கத்தி போடுவது. போடாவிட்டால், "என்னாங்க, சொரசொரன்னு இருக்கு" என்று காசு கொடுக்கும்போது முனகுவார்கள். போட்டால் மூன்றாம் நாள் கழுத்தைக் காட்டி, "உங்க கத்தியாலதான் வந்துச்சு" என்பார்கள்.

"ரெண்டுக்கும் நாந்தான் பொறுப்பா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

பழைய காலத்தில் ஒரே கத்தி. தோல் வாரில் தீட்டித் தீட்டி ஊருக்கே போட்டார்கள். 1986-ல் எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில் எடுத்த ரத்தத்தில்தான். அதன் பிறகு வந்த பயத்தில், ஆளுக்கு ஒரு புது பிளேடு என்ற பழக்கம் வந்தது. ஒரு பிளேடைக் காகிதத்தோடு இரண்டாக ஒடித்து ஆளுக்குப் பாதி. அந்தப் பாதியை வாடிக்கையாளர் கண் முன்னால் மாட்ட வேண்டும், முடிந்ததும் எறிய வேண்டும்.

எய்ட்ஸ் பயத்தால் வந்த பழக்கம், உண்மையில் காப்பாற்றுவது வேறு ஒன்றில் இருந்து. மஞ்சள் காமாலை "பி" கிருமி காய்ந்த ரத்தத் துளியில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும். மருவும் அப்படித்தான். ஒரு மரு உள்ள முகத்தில் ஓடிய பிளேடு, போன வழியெல்லாம் வரிசையாக மருவை நட்டுக் கொண்டே போகும். இது சலூனில் மட்டும் அல்ல. அண்ணன் ரேசரைத் தம்பி எடுப்பது, மேன்ஷனில் "ஒரு தடவைதானே" என்று இரவல் வாங்குவது, எல்லாம் இதில் சேர்த்திதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பிளேடு மாற்றினாரா இல்லையா என்று செல்போனில் இருந்து கண்ணை எடுத்துப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

சலூன்காரர் வலது கையை விரித்துக் காட்டுகிறார். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே சின்னதாக ஒரு ஓட்டை. அதில் பழைய தழும்பு. "இது என் முடி இல்ல சார். கஸ்டமர் முடி." வெட்டின துண்டு முடி ஈரமான விரல் இடுக்கில் ஊசி மாதிரி ஏறிவிடும். உள்ளே போய் புரையோடும். முடி வெட்டும் தொழிலாளிகளுக்கு உலகம் முழுக்க வருகிற தொழில் வியாதி இது. இவர் இரண்டு தடவை கீறி எடுத்திருக்கிறார். இப்போது ராத்திரி கடை சாத்தியதும் விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிக் கொள்கிறார். நாற்காலியில் உட்காருகிறவர்கள் யாரும் அந்தக் கையைப் பார்த்ததில்லை.

ஆதார் காட்டி முடிவெட்டிய காலம்

2020 கொரோனா ஊரடங்கு ஞாபகம் இருக்கிறதா? மார்ச் கடைசியில் சலூன்களை மூடினார்கள். சென்னையில் ஜூன் மாதம் திறந்தபோது, வருகிறவர் பெயர், விலாசம், போன் நம்பரோடு ஆதார் நம்பரையும் எழுதி வைக்க வேண்டும் என்று அரசு உத்தரவு! இரண்டு மாதம் நகரமே தாடியோடு திரிந்தது.

அந்த இரண்டு மாதத்தில் பலருக்குக் கழுத்துப் பொரி தானாகப் போய்விட்டது. காரணம், வைத்தியத்திலேயே பெரிய வைத்தியம் அதுதான். சேவிங்கை நிறுத்துவது! முதல் வாரம் அரிப்பு அதிகமாகும், கொஞ்சம் புதிதாகவும் முளைக்கும். அதில் பயந்து பிளேடை எடுத்தால் கதை பழையபடிதான். பல்லைக் கடித்துக் கொண்டு மூன்று நான்கு வாரம் இருந்தால் முடி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். அந்த நீளம் வந்ததும் உள்ளே மாட்டிய முனை ஸ்பிரிங் மாதிரி தானாகத் துள்ளி வெளியே வந்துவிடும். ஊக்கும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

டாக்டர் சொன்ன சேவிங்

ஜவுளிக்கடை வாலிபருக்கும் ஆஸ்பத்திரியில் இதைத்தான் சொன்னார்கள். ஒரு மாதம் பிளேடு தொடக்கூடாது. கடைக்குக் காட்ட சீட்டும் எழுதிக் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, ஒரு மாசம் குடோன்லயே இரு" என்றார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு எப்படி சேவிங் செய்வது என்று தோல் டாக்டர் பாடமே நடத்தினார். "உனக்கு முகம் கண்ணாடி மாதிரி வேணுமா, கழுத்து கழுத்தா இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தாராம்.

முதலில் முகம் ஊற வேண்டும். குளித்து முடித்த பிறகு சேவிங் செய்வது உத்தமம். இல்லாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் துண்டை நனைத்து மூன்று நிமிடம் ஒத்தி எடுக்க வேண்டும். காய்ந்த தாடி முடி கம்பி மாதிரி இருக்கும். தண்ணீர் குடித்த முடி மெத்தென்று ஆகிவிடும். கம்பியை வெட்ட அழுத்த வேண்டும், ஊறிய முடிக்கு அழுத்தம் வேண்டாம். அழுத்தாவிட்டால் தோல் மட்டத்துக்குக் கீழே பிளேடு போகாது. பாதித் தொல்லை இங்கேயே தீர்ந்து விடுகிறது.

அப்புறம் சேவிங் கிரீம். குளிக்கிற சோப்பு தோலை வறட்டி விடும். பிரஷ்ஷால் வட்ட வட்டமாகத் தேய்த்தால் படுத்துக் கிடக்கும் முடி நிமிரும். தடவியதும் பிளேடை எடுக்காமல் ஒரு நிமிடம் விட வேண்டும். (மேன்ஷன் குழாயடியில் இந்த ஒரு நிமிடத்துக்கு எங்கே போவது? வாலிபர் அரைமணி முன்னதாக, ஐந்தரைக்கே எழுந்து விடுகிறார். அந்த நேரத்தில் குழாய் காலி!)

பிளேடு புதிதாக, கூராக இருக்க வேண்டும். ஐந்தாறு சேவிங்குக்கு மேல் ஒரு பிளேடு கூடாது. ஒரு பிளேடு ரேசர் போதும். ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் அலச வேண்டும். தோலை விரலால் இழுத்துப் பிடிக்கக் கூடாது. முதலில் விரலால் கழுத்தைத் தடவிப் பார்த்தால் எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அதுதான் முடி வளரும் திசை. பிளேடும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும். ஒரு இடத்தில் ஒரு தடவை. சொரசொரப்பு தட்டினால் தட்டட்டும்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். சுரீர் என்று எரிகிற ஸ்பிரிட் லோஷன் இந்தத் தோலுக்கு ஆகாது. "எரிந்தால்தான் கிருமி சாகும்" என்பது பழைய நினைப்பு. வாசனை இல்லாத சாதாரண கிரீம் கொஞ்சம் போதும்.

ரேசரைக் குளியலறை ஈரத்தில் போட்டு வைக்காமல் உதறி, காய வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் வருகிறதா? பிளேடையே விட்டுவிட்டு டிரிம்மருக்கு மாறி விடலாம். ஒரு மில்லிமீட்டர் முடியை விட்டு வெட்டினால் உள்ளே குத்த முனை இருக்காது. அதற்கும் அடங்காதவர்களுக்கு இரவில் தடவ மருந்து உண்டு. தோலின் செத்த மேல்படலத்தை உதிர்த்து முடிக்கு வாசல் திறந்து விடும் வகை. அதை டாக்டர்தான் பார்த்துத் தர வேண்டும். மருந்துக்கடை சினேகிதர் அல்ல. முடியை வேரோடு சுடும் லேசர் வைத்தியமும் இருக்கிறது. பல தடவை போக வேண்டும், பையில் பணம் வேண்டும்.

ஏற்கனவே உள்ளே மாட்டியிருக்கும் முடிக்கு ஊக்கு வேண்டாம். வெந்நீரில் நனைத்த துணியை பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை ஒத்தடம் கொடுத்தால் தோல் இளகும். முடி வளையம் மாதிரி மேலே தெரிந்தால், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசி முனையால் வளையத்தை மெதுவாக நிமிர்த்தி விடலாம். அவ்வளவுதான். பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் வேரில் இருந்து புது முடி கிளம்பி, மறுபடி அதே சுவரைக் குத்தும். சர்க்கரை வியாதிக்காரர்கள் இந்த வேலையே பார்க்கக் கூடாது. காய்ச்சல், வீக்கம், வலி கூடினால் அன்றே ஆஸ்பத்திரி. மூக்குக்கும் மேல் உதட்டுக்கும் நடுவே வந்த கட்டியை யாரும் நசுக்கக் கூடாது. அந்த இடத்து ரத்த ஓட்டத்துக்கு மூளை வரைக்கும் வழி உண்டு.

பெண்களும் பிடரியும்

கழுத்துக்கு மட்டும் சொந்தமான தொல்லை அல்ல இது. அக்குளில் ரேசர் போடும் பெண்கள், காலில் மெழுகு ஒட்டி உரிப்பவர்கள், மோவாயில் முளைக்கும் நாலு முடியைச் சாமணத்தால் பிடுங்குபவர்கள் எல்லாருக்கும் வருகிறது. பிடுங்கும்போது முடி பாதியில் அறுந்தால், மிச்சம் உள்ளேயே தங்கி விடுகிறது. முடி நீக்கும் கிரீம் நல்லதுதான். முனையை மழுங்கலாகக் கரைக்கிறது. ஆனால் அட்டையில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் கூடினாலும் தோலை வேக வைத்து விடும். முழங்கையில் துளி தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். சின்ன வயதுப் பெண்ணுக்கு மோவாயில் திடீரென்று கெட்டி முடி வளர்ந்து மாதவிலக்கும் தப்பினால், அது பியூட்டி பார்லர் விஷயம் அல்ல. டாக்டர் விஷயம்.

பிடரியில் மிஷினை ஒட்ட வைத்து வழிக்கும் இந்தக் காலத்து வெட்டு இன்னொரு வினை. அங்கே வரும் கட்டி ஆறாமல் கெட்டித்து, மேடாகி, அந்த இடத்தில் முடியே முளைக்காமல் போவதும் உண்டு.

நாள் முழுக்க உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவர்கள் கவனத்துக்கு ஒன்று. முதுகுத்தண்டு முடியும் இடத்திலும் முடி உள்ளே ஏறிப் புரை வைக்கும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் சுமார் 80 ஆயிரம் பேர் இதற்காக ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் போனவர்களுக்கு வந்ததால் "ஜீப் வியாதி" என்றே பெயர் வைத்தார்கள். ஆட்டோ டிரைவர்கள் "உட்கார்ந்தா வலிக்குது" என்று மூலத்துக்கு மருந்து சாப்பிட்டுக் கொண்டிருப்பது சில சமயம் இந்தக் கட்டிக்காக இருக்கும்.

தை முகூர்த்தம்

ஜவுளிக்கடை வாலிபர் ஒரு மாதத் தாடிக்குப் பிறகு டிரிம்மருக்கு மாறினார். கழுத்து அடங்கியது. கிரீம் கெடுத்த கன்னம் தேறத்தான் பல மாதம் பிடித்தது. வெயில் கண்டால் இன்னும் லேசாகச் சிவக்கிறது. மார்கழியில் மறுபடி பட்டுப் பிரிவுக்கு வந்துவிட்டார். ஒரு மில்லிமீட்டர் தாடியை சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருக்கிறார். தை மாசத்துக் கூட்டத்துக்கு ஆள் வேண்டுமே!

தையில் கல்யாணமும் நடந்தது. முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை சவரத்துக்கு ஊர் முடி திருத்துகிறவர் வந்தார். புது பிளேடு மாட்டினார். கன்னத்தில் ஒரு கை போட்டு முடித்துவிட்டு, மோவாயை நிமிர்த்தி, பிளேடை கழுத்துக்குக் கீழே கொண்டு போனார்.

"எதிர் போட்டுருவோமா தம்பி? மாப்ள மொகம் கண்ணாடியாட்டம் இருக்காண்டாமா?"

"வேண்டாம்ணே. இப்படியே இருக்கட்டும்."

அம்மா குறுக்கே புகுந்து, "ஏலே, போட்டோ எடுப்பாவல்லா?" என்றார்.

போட்டோவில் சொரசொரப்பு தெரியவில்லை. கரும்புள்ளி நாலைந்து தெரிகிறது.